கொச்சி ஜூதப்பள்ளிக்குப் போகிறீர்களா? சேந்தமங்கலத்திலிருந்து தொடங்குங்கள்

நம்மூரிலிருந்து கொச்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மட்டாஞ்சேரியில் இறங்கி, அங்கே ஜூதப்பள்ளியில், அதாவது யூதர்களின் ஜெப ஆலயத்தில், இருக்கும் நீல டைல்ஸைப் பார்த்துவிட்டு, ஜூ டவுனில் கொஞ்சம் ஏலக்காயும் மிளகும் வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் போனேன், அதுவும் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள், கதவு பூட்டியிருந்தது. அம்மாவும் நானும் தெருக்கோடியில் நின்று மணிக்கூண்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அப்புறம் மூன்று முறை போயிருக்கிறேன், அதில் ஒருமுறை தற்செயலாக வரிசை மாறிப்போய் வடக்கே பரவூர்ப் பக்கம் முதலில் போனேன். அன்றைக்குத்தான் விஷயமே பிடிபட்டது. மட்டாஞ்சேரியில் இருப்பது கேரள யூதர்கள் கதையின் கடைசி அத்தியாயம், அதையே முதலில் படித்தால் ஒன்றும் புரியாது. அதனால் இந்த வழிகாட்டியை வடக்கிலிருந்து தெற்காக எழுதுகிறேன். முதல்முறை போகிறவர்கள் இதே வரிசையில் போய்ப் பாருங்கள்.

முதலில் கிழமையைப் பாருங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். மட்டாஞ்சேரி பரதேசி ஜூதப்பள்ளி சனிக்கிழமை முழுக்க மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகும் திறப்பதில்லை. மற்ற நாட்களில் வழக்கமாக காலை 10 முதல் 1 வரை, பிறகு 3 முதல் 5 வரை. பக்கத்திலேயே இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் இருப்பவை இப்போது அரசின் அருங்காட்சியகங்கள், அவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வார இறுதியில் போகிறவர்களுக்கு ஒரு நல்ல கணக்கு கிடைக்கிறது: வெள்ளி காலை எர்ணாகுளத்தில் இறங்கி நகரத்துக்குள் இருப்பதைப் பார்ப்பது, சனிக்கிழமை வடக்கே போவது, ஞாயிறு மட்டாஞ்சேரி. நான் சொன்ன வரிசை இதில் கொஞ்சம் குலையும், ஆனால் மட்டாஞ்சேரி கடைசியில் வந்தால் போதும், மற்றதை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். வார நாளில் லீவு கிடைத்தால் செவ்வாய் முதல் வியாழன் வரை எல்லாமே திறந்திருக்கும்.

இன்னொன்று, யூதப் பண்டிகை நாட்கள். செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷனா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று வரிசையாக வரும், மார்ச் அல்லது ஏப்ரலில் பாஸ்கா வரும். அவர்களுடைய மாதக் கணக்கு நிலவை ஒட்டியது, தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். அந்தச் சமயத்தில் போவதானால் நேரத்தைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

ஆட்டோக்காரரிடம் 'சினகாக்' என்று சொன்னாலும் புரியும், ஆனால் ஊரில் சொல்வது 'ஜூதப்பள்ளி' என்றுதான். மலையாளத்தில் பள்ளி என்றால் மசூதியும் அதுதான், சர்ச்சும் அதுதான், யூதர்களின் ஜெப ஆலயமும் அதுதான். இந்த ஊரில் மூன்று பேரும் எவ்வளவு காலமாக ஒன்றாக இருந்திருக்கிறார்கள் என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

கிளம்புமுன் ஒரு பத்து நிமிடம்: செப்பேடு

நிறையப் படித்துவிட்டுப் போகத் தேவையில்லை, இந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபோது, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு ஒரு செப்பேடு கொடுத்தார். முயிரிக்கோடு என்பது கொடுங்கல்லூர் வட்டாரம், சங்கப் பாடல்களில் மிளகுக்குப் பெயர்போன முசிறி இருந்த அதே பக்கம். செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து. மொழியைப் பழைய மலையாளம் என்பார்கள் சிலர், மேற்கடற்கரைத் தமிழ் என்பார்கள் சிலர், இரண்டும் பிரிந்துகொண்டிருந்த காலம் அது. அதில் அவர் பெயர் 'ஈசுப்பு இரப்பான்' என்று இருக்கிறது. அவருக்கு 'அஞ்சுவண்ணம்' கொடுத்ததாகச் சொல்கிறது. அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு, தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் வரும் பெயர்தான்.

செப்பேட்டில் அவருக்குக் கொடுத்த உரிமைகளின் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், உரை எதுவும் வேண்டாம்: பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம், தோரணவிதானம், மொத்தம் எழுபத்திரண்டு விடுபேறு. பகலிலேயே முன்னால் விளக்குப் பிடித்துப் போகும் மரியாதை, நடந்து போகத் தரையில் துணி விரிக்கும் மரியாதை, குடை பிடித்துப் போகும் உரிமை, வாசலில் தோரணம் கட்டும் உரிமை. கூடவே சுங்கத்திலும் விலக்கு. கடல் கடந்து வந்த ஒரு சமூகத்துக்கு நாட்டுப் பிரபுக்களுக்குள்ள உரிமைகளை உலகும் சந்திரனும் உள்ளவரை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதை நாம் இன்றைக்கும் எழுத்துக்கூட்டிப் புரிந்துகொள்ள முடிகிறது. எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. மூலச் செப்பேடுகள் மட்டாஞ்சேரி யூதர்களிடம்தான் வழிவழியாக இருந்துவருகின்றன. 2017இல் நம் பிரதமர் இஸ்ரேல் போனபோது பரிசாகக் கொண்டுபோனது இவற்றின் நகலைத்தான்.

1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மணல் மூடச் செய்தது, கொச்சிப் பக்கம் புதுத் துறைமுகம் உருவானது. யூதர்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு கொடுங்கல்லூரில் அவர்கள் வாழ்வு முடிந்தது. இவ்வளவு தெரிந்தால் போதும், கிளம்பலாம்.

படி 1: சேந்தமங்கலம்

சென்னை, கோவைப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் எர்ணாகுளம்வரை போகாமல் ஆலுவாவிலேயே இறங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து வடக்கன் பரவூர் சுமார் 16 கிலோமீட்டர். எர்ணாகுளத்திலிருந்து வருவதானால் 25 கிலோமீட்டர் அளவு, பஸ் நிறைய உண்டு. பரவூரில் இறங்கி ஆட்டோ பேசிக்கொண்டு முதலில் சேந்தமங்கலம் போய்விடுங்கள், திரும்பும்போது பரவூரைப் பார்க்கலாம்.

சேந்தமங்கலம் கைத்தறிக்குப் பெயர்போன ஊர். கொச்சி அரசரின் பரம்பரை அமைச்சர்களான பாலியத்து அச்சன்மாரின் ஊரும் இதுதான். கோட்டையில் கோவிலகம் என்ற மேட்டுப் பகுதியைச் சுற்றி ஒரு கோயில், ஒரு மசூதி, ஒரு சர்ச், ஒரு ஜூதப்பள்ளி நான்கும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன.

ஜூதப்பள்ளிக்குள் ஓடுவதற்கு முன் வாசல் முற்றத்தில் நிற்கும் ஒரு கல்லைப் பாருங்கள். பார்த்தால் சாதாரணக் கல், சிலர் அதைக் கவனிக்காமலே உள்ளே போய்விடுகிறார்கள். 'சாரா பாத் இஸ்ராயேல்', அதாவது இஸ்ராயேலின் மகள் சாரா, என்ற பெண்ணின் கல்லறைக் கல் அது, ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் இதுதான் மிகப் பழையது. கொடுங்கல்லூரிலிருந்து இங்கே கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். மன்னருமில்லை, வணிகத் தலைவருமில்லை, ஒரு வீட்டுப் பெண். அவள் அப்பாவின் பெயரும் அவள் பெயரும் 750 வருடம் தாண்டி நிற்கின்றன. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

உள்ளே போனதும் கேரளத்து ஜூதப்பள்ளி எப்படிக் கட்டப்படும் என்று ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற இடங்களில் இதே அமைப்புதான். முதலில் முன்கூடம், அதற்கு 'அசாரா' என்று பெயர். அதைத் தாண்டினால் ஜெபக்கூடம். மேற்குச் சுவரில், எருசலேம் இருக்கும் திசையைப் பார்த்து, செதுக்கி வண்ணம் தீட்டிய மரப் பேழை இருக்கும், அதன் பெயர் 'ஹேகால்'. யூத வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் இடம் அதுதான். கூடத்தின் நடுவில் கைப்பிடிக் கம்பியோடு ஒரு மேடை, அது 'தேபா', அங்கே நின்றுதான் வாசிப்பார்கள். இப்படி ஒரு பேழையும் மேடையும் உலகத்தில் எங்கும் உள்ளவை. கேரளத்துக்கே உரியது அடுத்தது. அண்ணாந்து பாருங்கள், அசாராவுக்கு மேலே மாடியில் பெண்கள் உட்காரும் பகுதி, அதற்கு முன்னால் இன்னொரு தேபா இருக்கும். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தோராவை மேலே கொண்டுபோய் அங்கிருந்து வாசிப்பார்கள். பெண்கள் பகுதி மறைப்புக்குப் பின்னால் இருந்தாலும் வாசிப்பு அவர்களுக்குப் பக்கத்திலேயே நடந்தது. இந்தப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று கொடுத்துவந்தவர்கள். இஸ்ரேல் போனபோது அந்த நோட்டுகளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூரையைப் பார்த்தால் தாமரை செதுக்கியிருக்கும். நம் கோயில் தச்சர்கள் கைவைத்தது மாதிரிதான் இருக்கும், உள்ளூர்த் தச்சர்கள் செய்த வேலை அல்லவா.

படி 2: வடக்கன் பரவூர்

சேந்தமங்கலத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். ஜூதத் தெரு நுழைவில் இரண்டு தூண்கள் நிற்கும், பழைய யூதச் சந்தையின் அடையாளம் அவை. இந்த ஜூதப்பள்ளிதான் கேரளத்தில் இருப்பதிலேயே முழுமையான வளாகம் என்று நான் சொல்வேன். படிப்புரை என்ற வாசல் கட்டடம், அதைத் தாண்டி முற்றம், தூண் வரிசைக்கு நடுவே நீளமான நடை, பிறகு அசாரா, ஜெபக்கூடம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில் பிராகாரங்களுக்குள் போவதுபோல உள்ளே இழுத்துக்கொண்டே போகும். மெதுவாக நடங்கள். காலை பத்து மணிக்குப் போனால் அந்த நடையில் தூண் நிழல் விழுந்திருக்கும், உங்களைத் தவிர இன்னும் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

சுவரில் பதித்திருக்கும் எபிரேயக் கல்லைத் தேடுங்கள். 5376ஆம் ஆண்டில் தாவீது யாக்கோபு காஸ்தீல் கட்டியது என்கிறது. யூத ஆண்டிலிருந்து 3760ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும், ஒரு வருடம் முன்பின் இருக்கலாம், அப்படிப் பார்த்தால் 1616. இந்தக் கணக்கு எங்கே போனாலும் உதவும், நினைவில் வையுங்கள். இந்த காஸ்தீலுக்கு இன்னொரு பட்டமும் உண்டு, அதைக் கேட்டால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும்: முதலியார். கொச்சி அரசர்கள் யூத சமூகத்தின் தலைவருக்குக் கொடுத்த பட்டம் அதுதான். முதல் என்ற சொல்லிலிருந்து முதல்வர், முதலாளி, முதலியார் என்று நாம் எத்தனை பேரை உண்டாக்கியிருக்கிறோம், அந்த வரிசையில் ஒரு யூதத் தலைவரும் இருந்திருக்கிறார்.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே நீங்கள் பார்க்கும் ஹேகாலும் தேபாவும் பிற்பாடு செய்து வைத்தவை, மூலம் 1990களில் எருசலேமுக்குப் போய்விட்டது. எனக்கு முதலில் இது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வழிபட ஆளில்லாத இடத்தில் செல்லரித்துப் போவதைவிட அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் இருப்பது பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

போகும் வழியில்: பட்டணமும் மாளாவும்

நேரம் இருந்தால் மட்டும். பரவூருக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டணம் என்ற கிராமத்தில் 2007 முதல் அகழாய்வு நடந்தது, ரோமானிய மதுச் சாடிகளின் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன, முசிறி இங்கேதான் இருந்திருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாளா இன்னும் வடக்கே, திருச்சூர் மாவட்டத்தில். அங்கிருந்த யூதர்கள் 1955இல் ஊரைவிட்டுக் கிளம்பும்போது தங்கள் ஜூதப்பள்ளியையும் கல்லறைத் தோட்டத்தையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கல்லறைத் தோட்டம்தான் கேரளத்தில் யூதர்கள் விட்டுச்சென்றவற்றில் பெரியது, இப்போது அதில் எஞ்சி நிற்கும் கல்லறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பார்க்க அதிகம் இல்லை. ஒரு நாளில் மூன்று ஊர் ஜூதப்பள்ளிகளையும் முடிக்க நினைத்து ஓடாதீர்கள், இரண்டு போதும்.

படி 3: எர்ணாகுளம் மார்க்கெட்டுக்குள்

எர்ணாகுளம் மார்க்கெட் ரோடு, ஜூ ஸ்ட்ரீட். இங்கே இரண்டு ஜூதப்பள்ளிகள் உண்டு: கடவும்பாகம், தெக்கும்பாகம். பெயரைக் கேட்டதுமே நமக்குப் புரியும், கடவுப் பக்கம், தெற்குப் பக்கம். தெக்கும்பாகம் பூட்டித்தான் இருக்கும், வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

கடவும்பாகம் கதை வேறு. வாசலில் ஒரு செடிக் கடை, மீன் தொட்டிக் கடை. தொட்டிகளுக்கு நடுவே நடந்து பின்னால் போனால் ஒரு கதவு, அதைத் தாண்டினால் 1700 வாக்கில் கட்டிய ஜெபக்கூடம், கண்ணாடி விளக்குகளும் தங்க வண்ணம் தீட்டிய ஹேகாலுமாக. 1970களின் தொடக்கத்தில் சேர்ந்து ஜெபிக்கப் போதுமான ஆளில்லாமல் வழிபாடு நின்றுபோனது. அங்கே கடை வைத்திருந்த யூதர் ஒருவர்தான் கட்டடத்தை இடிந்துபோகாமல் இத்தனை வருடம் காத்தார். பழுதுபார்த்து 2018இல் மறுபடி ஒரு தோரா சுருளை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். இது அருங்காட்சியகம் இல்லை, டிக்கெட் கவுன்ட்டரும் கிடையாது, கடையில் கேட்டு அனுமதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். அதனால் வேலை நாளில், காலை நேரத்தில் போங்கள். சனிக்கிழமை வேண்டாம். போய்க் கேட்கும்போது வியாபார நேரம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேளுங்கள், ஒரு செடி வாங்கினால் இன்னும் நல்லது.

சேர்ந்து ஜெபிக்கப் போதுமான ஆள் என்று சொன்னேன் அல்லவா, அது கணக்காக பத்துப் பேர். வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் முழு வழிபாடு நடத்த முடியும், அதற்கு 'மின்யான்' என்று பெயர். 1940களின் கடைசியில் கேரள யூதர்கள் சுமார் 2,400 பேர் இருந்தார்கள். இஸ்ரேல் உருவானதும் 1950களின் முதல் பாதியில் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். யாரும் விரட்டவில்லை. வேதத்தில் படித்த மண்ணுக்குப் போகிறோம் என்ற பக்தியில் போனார்கள், அங்கே போய் பாலைவனத்து விவசாயக் குடியிருப்புகளில் கஷ்டப்பட்டு வேரூன்றினார்கள். மொத்தம் எட்டு ஜூதப்பள்ளிகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் என்ற எண்ணிக்கை ஒருநாள் ஒன்பதாகியிருக்கும்.

படி 4: மட்டாஞ்சேரி

இப்போது போங்கள். எர்ணாகுளம் ஐகோர்ட் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ. ஒன்பதரை மணிக்கெல்லாம் ஜூ டவுன் முனையில் நின்றுவிட்டால் கூட்டத்துக்கு முன்னால் உள்ளே போய்விடலாம்.

பரதேசி ஜூதப்பள்ளி என்ற பெயரைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இங்கே பரதேசி என்றால் பிற தேசத்தவர் என்ற நேர்ப்பொருள்தான். ஸ்பெயின், போர்ச்சுகல், சிரியா, ஈராக் என்று பல இடங்களிலிருந்து பின்னால் வந்தவர்கள் 1568இல் கட்டிய ஜூதப்பள்ளி இது. இடம் கொடுத்தவர் கொச்சி அரசர், அதுவும் தன் அரண்மனைக் கோயிலுக்கு ஒட்டினாற்போல. 1662இல் டச்சுக்காரர்கள் முதலில் கொச்சியைப் பிடிக்க வந்து தோற்றுத் திரும்பியபோது, யூதர்கள் அவர்களுக்கு உதவினார்கள் என்று போர்த்துகீசியர் இந்தக் கட்டடத்தைச் சூறையாடினார்கள். அடுத்த வருடமே டச்சுக்காரர்கள் வென்றுவிட, பழுதுபார்த்துக் கட்டினார்கள்.

உள்ளே போகும் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மணிக்கூண்டை வெளியே நின்று பாருங்கள், 1760இல் எசெக்கியேல் ரஹபி கட்டியது. டச்சுக் கம்பெனிக்காக மலபார்க் கரை முழுக்க வணிகம் பார்த்த பெரிய மனிதர் அவர். கடிகார முகங்களில் ஒன்றில் எபிரேய எண்ணெழுத்து, ஒன்றில் ரோமன், ஒன்றில் மலையாளம். யார் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறார்களோ அவர்கள் எழுத்தில் நேரம். பிறகு டிக்கெட் வாங்குங்கள், சின்னத் தொகைதான், சில்லறையாக வைத்திருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். கேமராவைப் பற்றிப் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி நடந்துகொள்ளுங்கள். ஒளித்து எடுக்காதீர்கள், இது இன்னும் ஜெபம் நடக்கும் இடம்.

முன்னறையில் 10 ஓவியங்கள் இருக்கும், 1968இல் நானூறாவது ஆண்டு விழாவுக்காக வரைந்தவை. அந்த விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால்தலையும் வெளியிட்டார்கள். வடக்கே போகாமல் நேராக இங்கே வருகிறவர்கள் இந்த ஓவியங்களைக் கண்ணால் தடவிவிட்டுப் போய்விடுகிறார்கள். சேந்தமங்கலமும் பரவூரும் பார்த்துவிட்டு வந்த உங்களுக்கு ஒவ்வொன்றும் தெரிந்த கதையாக இருக்கும். வெளிச்சுவரில் ஒரு பழைய கல் பதித்திருக்கிறது, அதையும் விடாதீர்கள். 1344இல் கொச்சங்காடியில் கட்டிய, இப்போது இல்லாத ஜூதப்பள்ளியின் கல் அது. பெரியாற்று வெள்ளம் 1341. மூன்றே வருடத்தில் இங்கே புது வீடு, புதுத் துறை, புது ஜூதப்பள்ளி.

அப்புறம் ஜெபக்கூடம். எல்லோரும் மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகளை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காலடியைப் பாருங்கள். 1762இல் ரஹபி சீனாவின் கான்டனிலிருந்து வரவழைத்த டைல்ஸ், வெள்ளையில் நீலம், எல்லாம் கையால் வரைந்தது. ஒரு வில்லோ மரமும் ஒரு பூச்செடியும் திரும்பத் திரும்ப வருவதுபோலத் தெரியும். ஒரு டைலையும் பக்கத்து டைலையும் ஒரு நிமிடம் ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒன்றில் கிளை கொஞ்சம் வளைந்திருக்கும், இன்னொன்றில் நீலம் தோய்ந்து கசிந்திருக்கும், இன்னொன்றில் ஓவியர் அவசரத்தில் ஒரு கோட்டை விட்டிருப்பார். வெறுங்காலில் அதன்மேல் நடக்கும்போது சில்லென்று இருக்கும். இந்த டைல்ஸ் அரசருக்காக வந்தது, செய்யும்போது மாட்டு ரத்தம் சேர்த்ததாகக் கேட்டு அவர் வேண்டாம் என்றுவிட்டதால் யூதர்களுக்குக் கிடைத்தது என்று வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தைப் பற்றி வழிகாட்டிகள் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'வெள்ளை யூதர்', 'கறுப்பு யூதர்' என்ற பிரிவினை இங்கே இருந்தது. சேந்தமங்கலத்திலும் பரவூரிலும் நீங்கள் பார்த்த மலபார் யூதர்கள் பரதேசிகளுக்குப் பல நூற்றாண்டு முந்தியவர்கள், ஆனாலும் பரதேசிகள் அவர்களோடு பெண் கொடுத்து எடுக்கவில்லை. பரதேசிகளின் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் வம்சத்தாருக்கு இந்தக் கூடத்து பெஞ்சில் உட்கார உரிமை இல்லை, அசாராவில் தரையில் உட்கார வேண்டும். அந்த வம்சத்தில் பிறந்த ஏ.பி. சாலெம் (1882–1967) சென்னையில் சட்டம் படித்துவிட்டு வந்து வக்கீலானார், காந்தி வழியில் ஜூதப்பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். ஊரே அவரை 'யூத காந்தி' என்றது. வெளியே ஒரு தெருவுக்கு அவர் பெயர் இருக்கிறது. நீங்கள் வசதியாக உட்கார்ந்திருக்கும் அதே பெஞ்சுக்காக ஒருவர் போராட வேண்டியிருந்தது.

வெளியே வந்தால் கைவினைக் கடைகளும் சால்வைக் கடைகளும் இழுக்கும். இந்தத் தெருவில் எம்ப்ராய்டரிக் கடை நடத்திவந்த யூத மூதாட்டி ஒருவர் 2019இல் 96 வயதில் காலமானார், கடைசிவரை அவரைப் பெற்ற தாய்போலப் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் நண்பர். இன்றைக்கு இந்தத் தெருவில் பரதேசி யூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கும் இல்லை. பத்துப் பேர் சேர வேண்டுமென்றால் வெளியூர் யூதப் பயணிகள் வந்தால்தான் உண்டு. யார் வீட்டு வாசலிலும் நின்று எட்டிப்பார்க்காதீர்கள், ஜன்னல் கம்பியில் நட்சத்திரம் அழகாக இருக்கிறது என்று போய் நின்று படமெடுக்காதீர்கள்.

தெருவின் மறுகோடியில்தான் மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜூதப்பள்ளி இருந்தது, 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே இருந்த மரவேலையைப் பெயர்த்து எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மறுபடி பொருத்தி வைத்திருக்கிறார்கள். வெறும் கூடாகக் கிடங்காகக் கிடந்த கட்டடம் 2019 மழையில் சரிந்தது. ஒரு நிமிடம் அங்கேயும் போய் நில்லுங்கள்.

படி 5: நெகேமியா மோட்டாவின் கல்லறை

இதற்கு டிக்கெட் கிடையாது, பெயர்ப்பலகையும் பெரிதாக இல்லை. மட்டாஞ்சேரியில் குடியிருப்புக்கு நடுவே, வீட்டுச் சுவர்களுக்கு இடையில், வெள்ளையடித்த ஒரு சின்னக் கல்லறை. நெகேமியா மோட்டா ஒரு யூத ஞானி, கவிஞர், 1615இல் இறந்தவர். யூதர்கள் மட்டுமல்ல, அந்தத் தெருவில் இருக்கும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வந்து மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வார்கள். நான் போனபோது பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வழி கேட்டதும் "சித்தனா? இங்கேதான்" என்கிற மாதிரி கையைக் காட்டிவிட்டு, உள்ளே போய் ஒரு தீப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. கல்லின் மேல் பழைய மெழுகு வழிந்து கெட்டியாகிப் படிந்திருந்தது, கையை வைத்தால் வழுவழுப்பாக இருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு

சென்னைக்காரர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பவளம் யூத வணிகர்களோடு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலிருந்து வந்த போர்த்துகீசிய யூதர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்துக் கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் ஆல்டர்மேன்களில், அதாவது மூத்த மன்ற உறுப்பினர்களில், இந்த வணிகர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கல்லறைகள் மின்ட் தெருப் பக்கம் இருந்தன, பிறகு 1980களில் மிஞ்சிய கற்களை லாயிட்ஸ் சாலையில் ஒரு சின்ன இடத்துக்கு மாற்றினார்கள். கேட் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும், கம்பி வழியாகப் பார்க்கலாம், அக்கம்பக்கத்தில் விசாரித்தால் சிலசமயம் திறந்துவிடுவார்கள். பூ வாங்கிக்கொண்டு போகாதீர்கள், யூதக் கல்லறையில் பூ வைக்கும் வழக்கம் இல்லை. ஒரு சின்னக் கூழாங்கல்லைக் கல்லறை மேல் வைத்துவிட்டு வருவார்கள், வந்து போனேன் என்பதற்கு. சேந்தமங்கலத்திலிருந்து ஒன்று எடுத்துவந்து வைத்திருங்கள்.